திறந்த நாள்

கவுண்டரில் அர்வோ கெம்பைனன் வைத்தது
மாத்திரைப் புட்டி இல்லை.
சிவப்பு மூடி போட்ட ஜாடி.
உள்ளே கரிய உருளைகள், சுண்டுவிரல் நுனி அளவு,
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை.
இதைக் கடைக்குள் கொண்டுவரக் கூடாது என்றேன்.
கொண்டுவந்தாயிற்றே என்றார்.
காலாவதி விஷயம் இந்த ஊரில்
உனக்குத்தானே தெரியும், அரசி?

(பெயர்ப்பட்டையில் பத்து எழுத்துக்குத்தான் இடம்.
மங்கையர்க்கரசியில்
மங்கையரை வெளியே விட்டுவிட்டார்கள்.)

வெடிமருந்து என்கிறோம் நாம்.
அதற்குள்ளும் ஒரு மருந்து இருப்பதை
ஹான்காக்கில் யாரிடமும் சொன்னதில்லை.
குழலின் வாய்வழியே கிட்டிப்பதால்
இதுவும் வாய்வழி மருந்து.
வேளைக்கு இரண்டு.

ஜாடியைத் திருப்பினேன்.
லாட் எண் இருந்தது, தேதி இல்லை.
மூடி திறக்காதவரை
பல வருடம் கிடக்கும், ஒன்றும் ஆகாது.
எப்போது திறந்தீர்கள்?
ஆறு சீசன் இருக்கும். ஏழோ.
எங்கே வைத்திருந்தீர்கள்?

சவுனாவில்.

சூட்டறையில் இல்லை என்று உடனே திருத்தினார்,
உடை மாற்றும் அறையில், துண்டுகளுக்குப் பக்கத்தில்.

குளியலறையில் மாத்திரை வைக்காதீர்கள் என்று
பதினோரு வருடமாக இந்த ஊருக்குச் சொல்லி வருகிறேன்.
அச்சடித்த துண்டுச்சீட்டுகூட உண்டு.
அவருடைய பையிலும் மாதாமாதம் ஒன்று போட்டிருக்கிறேன்,
கை நடுக்கத்துக்கான மாத்திரையோடு,
காலை ஒன்று, இரவு ஒன்று,
ஆறு வருடமாக. ஏழோ.

உலர்த்தினால் சரியாகிவிடுமா?
ஆகாது. உப்பு ஒருமுறை ஈரம் குடித்தால்
காய்ந்தாலும் பழைய உப்பு இல்லை.
அப்படியென்றால் பார்த்துவிடலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஜல்லிக்குழி.
ஏரியிலிருந்து வந்த பனி முழங்கால் வரை.
ஒரு உருளை அவர் விரலிலேயே உதிர்ந்து
கண்மைபோல் அப்பிக்கொண்டது.
முதல் இரண்டு:
டிக்.
அரை மூச்சு.
பிறகுதான் வெடித்தது,
கூப்பிட்ட பிறகு யோசித்துத் திரும்புகிறவனைப் போல.
குண்டு மணல்மேட்டின் அடியில் போய்ச் செருகியது.

அடுத்த இரண்டு:
டிக்.
அவ்வளவுதான்.
அவர் குழலை இறக்கவில்லை.
எண்ணு, என்றார்.

மாத்திரைகளை நான் ஐந்தைந்தாக
ஆங்கிலத்தில் எண்ணுவேன்.
அங்கே தமிழ் வந்தது,
ஒன்று, இரண்டு, என்று
ஒவ்வொன்றாக.
இருபத்தேழில் ஒரு பைன் கிளை பனியைக் கொட்டியது.
நாற்பதில் என் மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை.
உள்ளே ஒரு பொறி
இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கலாம்.
அவர் மணிக்கட்டையே பார்த்தேன்.
நடுங்கியது. நன்றாகவே நடுங்கியது.
அறுபது வரை
குழல் மேட்டைத்தான் பார்த்தது.

மீதியை வாளித் தண்ணீரில் கொட்டினோம்.
குமிழி விட்டு, கறுத்து, குழம்பாகி,
அழுகிய முட்டை வாசம்.
பழைய மாத்திரைகளை நான் அழிப்பதும்
ஏறக்குறைய இப்படித்தான்.
யாரும் பக்கத்தில் நிற்பதில்லை, அவ்வளவே.

திங்கட்கிழமை புது ஜாடியைத்
தன் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தார்.
லேபிள் மட்டும் போதும், நான் ஒட்டிக்கொள்கிறேன்.
இயந்திரம் பிடிவாதக்காரன்,
எத்தனை நாளுக்கு என்று கேட்காமல் விடாது.
பத்து என்று அடித்தேன்,
டிசம்பர் சீசன் பத்து நாள்.
கெம்பைனன், அர்வோ.
குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.
சவுனா கூடாது.
மஞ்சள் ஸ்டிக்கரில் ஒன்றும் கொடுத்தேன்:
வெறும் வயிற்றில் வேண்டாம்.
அதற்குச் சிரித்தார்.

திறந்த நாள் என்ற இடத்தைக்
காலியாக விட்டிருக்கிறேன்.
அதை அவர் கையால்தான் எழுத வேண்டும்,
எழுத்து எப்படி வந்தாலும்.